மேலே அவர் என்ன பேசினார்?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். திருச்சி ஜங்ஷனுக்குப் பக்கத்தில் இருக்கும் சுற்றுலாக் கம்பெனி அது. அங்கே டூர் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் ஒரு மணி நேரம் பேச வேண்டும் என்றார்கள்.

நாங்கள் நடத்தி வந்த சாயங்காலக் கூட்டங்களை இப்போது நிறுத்திவிட்டார்களாம். பயணிகளின் செல்போனுக்கே கேள்விகள் போய்விடுகின்றன. பஸ் எப்படி, சாப்பாடு எப்படி, கைடு எப்படி என்று வரிசையாக நட்சத்திரத்தைத் தொட்டு அனுப்பிவிடுகிறார்கள். வேலை சுலபம்தான். குறை சொல்ல நான் போகவில்லை. ஆனால் ஹேமா என்ற பெண் ஒரு கேள்வி கேட்டாள்.

"மேடம், பேசவே பிடிக்காதவங்களை எப்படி மேடம் பேச வைப்பீங்க?"

"பேச வைக்க மாட்டோம்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் மழுப்புகிறேன் என்று நினைத்திருப்பார்கள். விளக்கிச் சொல்வதற்குள் நேரம் முடிந்து காபி வந்துவிட்டது. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பாவும் ஒர்க்ஷாப், கட்டிக்கொண்டவரும் ஒர்க்ஷாப். பையன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு ஒரு டிராவல்ஸில் டிக்கெட் போடும் வேலைக்குப் போனேன். அங்கிருந்து இந்தக் கம்பெனிக்கு மாறினேன். ஹோட்டல் அறை பிடிப்பது, பஸ்ஸில் ஆட்களை ஏற்றி இறக்குவது, கோயில் நடை சாத்தும் நேரத்தைக் கணக்கில் வைத்து வண்டியைக் கிளப்புவது எல்லாம் தானாகப் படிந்த விஷயங்கள். அவற்றை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கூட்டத்தை உட்கார வைப்பது மட்டும் ஜமீலா மேடத்தைப் பார்த்துத்தான் வந்தது.

ஜமீலா மேடம் எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர். என்னைவிட வயதில் சின்னவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை செல்வி அக்கா என்பார். கடைசி வரை அப்படியே ஓடியது. பயணத்தில் தினமும் சாயங்காலம் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும் என்ற வழக்கத்தைக் கொண்டு வந்தவர் அவர்தான். முதலாளிக்கு ஆரம்பத்தில் அதில் விருப்பமில்லை. "டூர் வந்தவங்க பஜாருக்குப் போகணும்பாங்க, இல்ல டிவி பாக்கணும்பாங்க. கூட்டம் போட்டா ஓடிடுவாங்கம்மா" என்றார். ஜமீலா மேடம் சொன்ன பதில் எனக்கு நினைவிருக்கிறது. "சார், ஒரே பஸ்ல பத்து நாள் உக்காந்து வராங்க. இறங்கறப்ப பக்கத்து சீட்டுக்காரர் பேரு தெரியல. அப்புறம் எதுக்கு சார் கூட்டமா போகணும்?"

நாங்கள் அதைக் கூட்டம் என்றுகூடச் சொல்வதில்லை. உக்கார்றது என்போம். "இன்னிக்கு அஞ்சரைக்கு உக்காரலாம்" என்றால் டிரைவர் வரைக்கும் புரிந்துகொள்வார்.

அவர் உட்காரும் விதத்தை எவ்வளவு தடவை பார்த்திருப்பேன். முதலில் அறைக்குப் போய் மேஜையை வெளியே தூக்கிப் போடச் சொல்வார். நாற்காலிகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். மெத்தை வைத்தது நாலு, பிளாஸ்டிக் நாலு என்று கலந்து கிடந்தால் மெத்தையை எடுத்துவிட்டு எல்லோருக்கும் பிளாஸ்டிக்கே போடுவார். ஆடுகிற கால் உள்ள நாற்காலி ஒன்று எப்படியும் இருக்கும். அதில் அவர் உட்கார்ந்துகொள்வார். ஏசி ஓசையில் மெதுவாகப் பேசுகிறவர் குரல் அமுங்கிப்போகும் என்று அதை அணைத்துவிடுவார். கதவைப் பாதி திறந்தே வைப்பார். எழுந்து போக நினைப்பவர் யாரும் தாழ்ப்பாளைத் திறந்து சத்தம் போட வேண்டியிருக்கக் கூடாது. டீ முன்னாலேயே கொடுத்து முடித்துவிட வேண்டும். கையில் டம்ளர் இருந்தால் மனிதர் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வார் என்பது அவர் கட்சி.

கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்ட பிறகுதான் உட்காருவார். "இன்னிக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்கவே மாட்டார். அப்படிக் கேட்டால் நல்லா இருந்துச்சு என்பதோடு முடிந்துவிடும். "இன்னிக்கு எந்த இடத்துல கால் நின்னுச்சு உங்களுக்கு?" என்று கேட்பார். கேட்டுவிட்டுத் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். யார் முகத்தையும் பார்த்துவிட்டால் அந்த ஆள் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று ஆகிவிடும் அல்லவா?

ஒருவர் பேசி முடித்ததும் 'அருமையாச் சொன்னீங்க' என்று சொல்லக் கூடாது. சொன்னால் அடுத்தவர் அருமையாகச் சொல்லப் பார்ப்பார், உண்மை போய்விடும். யாராவது அழுதால் கைக்குட்டை நீட்டக் கூடாது. முதல் முறை இதைக் கேட்டபோது எனக்கு மனம் ஒப்பவில்லை. "கைக்குட்டை குடுத்தா, 'போதும், தொடச்சுக்கோ'ன்னு சொல்ற மாதிரி அக்கா. அவங்க அழுது முடிக்கட்டும். அவங்ககிட்டயே முந்தானை இருக்கு" என்றார்.

இவையெல்லாம் பயணிகளோடு மட்டும் இல்லை. ஜீயபுரம் விஷயத்தைச் சொல்கிறேன். காவிரிக் கரை ரோட்டில் எங்கள் பஸ்கள் வாழைத் தோட்டத்தைப் பார்த்ததும் நின்றுவிடும். வெளியூர்க்காரர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். ஒரு நாள் ஊர்க்காரர்கள் ரோட்டின் குறுக்கே டிராக்டரை நிறுத்திவிட்டார்கள். வரப்பை மிதித்துப் பாழாக்குகிறார்கள் என்று புகார். முதலாளி மன்னிப்புக் கேட்டு முடித்துவிடலாம் என்றார். ஜமீலா மேடமோ அவர்களுடன் உட்கார வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டுறவுச் சங்கக் கட்டடத்தில் பத்துப் பதினைந்து ஆண்கள். சுவர் ஓரமாகக் களையெடுக்கும் பெண்கள் சிலர்.

ஆண்கள் வரப்பைப் பற்றியே பேசினார்கள், நியாயமாகவும் பேசினார்கள். எல்லோரும் பேசி ஓய்ந்த பிறகும் மேடம் எழுந்திருக்கவில்லை. கால் விரலைப் பார்த்தபடி அப்படியே இருந்தார். எனக்கே சங்கடமாக இருந்தது. அப்போது சுவர் ஓரத்திலிருந்து ஒரு பெண் சொன்னாள்:

"வரப்பு உடைஞ்சா கட்டிக்கலாங்க. நாங்க குனிஞ்சு களை எடுக்கறப்ப பின்னாலேர்ந்து போட்டோ எடுக்கறாங்க. அதுக்கு என்ன பண்றது?"

ஆண்கள் யாரும் அதற்குப் பிறகு வரப்பைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண்களின் கணவன்மார்களும் அண்ணன் தம்பிகளும் அங்கேயே இருந்தார்கள். அவர்களுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்தது. அதிலிருந்து எங்கள் பஸ்கள் வயலோரம் நிற்பதில்லை. சங்கத்து வாசலில் நிற்கும். தோட்டம் பார்க்க விரும்புகிறவர்களை ஊர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு போவார். வேலை நடக்கிற வயல் பக்கம் போவதில்லை. திரும்பி வரும் வழியில் மேடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "நாம எழுந்திருந்தா அந்தம்மா வீட்டுக்குப் போயிருப்பாங்க அக்கா."

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

கொரோனா அடங்கி, மக்கள் மறுபடியும் கூட்டம் கூட்டமாகக் கிளம்பிய காலம். சென்னையில் ஒரே அபார்ட்மென்ட்டில் குடியிருக்கும் இருபது பேர் திருச்சிக்கு வந்திருந்தார்கள். பெரும்பாலும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். ஸ்ரீரங்கத்தில்தான் ஹோட்டல். முதல் நாள் உக்காருவதற்கு அவசியமே இல்லாத அளவுக்குச் சிரிப்பும் பேச்சும். அதில் சந்திரசேகரன் என்று ஒருவர், பேங்க்கில் இருந்து ரிட்டையர் ஆனவர். எல்லோரும் சேகர் என்பார்கள். மனைவி வசந்தா. எதிர் பிளாட்டில் இருக்கும் மனோகரன் அவருடைய நண்பர். தினமும் காலையில் சேர்ந்து நடக்கப் போகிறவர்கள்.

மறுநாள் காலை மலைக்கோட்டை. ஆவணி மாதம், வெயில் ஏறுவதற்கு முன்பே கூட்டிக்கொண்டு போனோம். முட்டி வலிக்கிறவர்கள் கீழே மாணிக்க விநாயகர் சந்நிதிப் பக்கம் இருந்துகொள்ளலாம் என்று சொல்லியிருந்தேன். வசந்தா அங்கே இருந்துகொண்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர், நான். மற்றவர்கள் என் சக ஊழியர் அருளோடு மேலே போனார்கள். உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்கள். கடைசிப் படிகளில் சேகர் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்தார்.

ஆஸ்பத்திரி பக்கம்தான். ஐசியூவில் வெகு நேரம் முயற்சி செய்தார்கள். மத்தியானத்துக்கு முன்னால் டாக்டர் வெளியே வந்து வசந்தாவைத் தனியே கூப்பிட்டபோதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

மகன் கார்த்திக் பெங்களூரிலிருந்து காரில் கிளம்பிவிட்டார். அவர் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். வந்ததும் ஆம்புலன்ஸில் சென்னைக்குக் கொண்டு போவதாக முடிவாயிற்று. அருள் ஆஸ்பத்திரியில் இருந்துகொண்டார். வசந்தாவை ஹோட்டலுக்கு அழைத்து வந்து அறையில் விட்டோம். அவர் அழவில்லை. கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கீழே நிலைமை வேறு மாதிரி இருந்தது. மத்தியானச் சாப்பாடு போட்டுவிட்டார்கள். சிலர் இலை முன்னால் உட்கார்ந்தார்கள், சிலர் அவர்களை முறைத்தார்கள். பெருமாளைச் சேவிக்கப் போகலாமா கூடாதா என்று ஒருவர் கேட்கப்போக, இன்னொருவர் "இப்ப இதுதான் முக்கியமா?" என்று சத்தம் போட்டார். அதைவிட மோசம், தூணுக்குத் தூண் நின்று முணுமுணுத்ததுதான். மனோகரன்தான் சேகரைக் கட்டாயப்படுத்தி மேலே ஏற்றினார் என்று பேச்சு. பாதி வழியில் சேகர் நின்றார், மனோகரன் கேலி செய்தார், ரோஷத்தில் ஏறிவிட்டார், அதனால்தான் போய்விட்டார் என்று நேரம் ஆக ஆக அது வளர்ந்துகொண்டே வந்தது. மனோகரன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார். தனியாக ரயிலில் போய்விடுகிறேன் என்று எனக்குப் போன் செய்தார்.

வேறு கூட்டமாக இருந்தால் பிரிந்து போய்விடுவார்கள். இவர்கள் ஒரே லிஃப்ட்டில் ஏறி இறங்க வேண்டியவர்கள். வசந்தா கதவைத் திறந்தால் எதிரே மனோகரன் கதவு. இந்தப் பேச்சு இங்கே இப்படியே விடப்பட்டால் அந்த லிஃப்ட்டில் ஏறி அவர்களோடு வீட்டுக்குப் போய்விடும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் செத்துப் போனவர் உடல் ஆஸ்பத்திரியில் இருக்கும்போது வட்டமாக உட்கார்ந்து பேசலாம் வாருங்கள் என்று யாரிடம் சொல்வது?

அன்றைக்கு ஜமீலா மேடம் மதுரையில் இருந்தார். போன் போட்டேன். நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு, "இன்னா லில்லாஹி" என்று இறந்தவருக்காகச் சொல்லும் வார்த்தைகளை முணுமுணுத்தார்.

"உக்கார வைக்கலாமா மேடம்?"

"எனக்கு இங்கேர்ந்து தெரியாது அக்கா. நீங்கதான் அங்க இருக்கீங்க. ஒண்ணு மட்டும் சொல்றேன். யாரையும் கூப்பிடாதீங்க. நாற்காலியைப் போட்டுட்டு நீங்க போய் உக்காருங்க. வந்தா வரட்டும்."

மாடி ஹாலில் மேஜைகளைத் தூக்கிப் போட்டேன். ஹோட்டல் பையன்கள் உதவ வந்தபோது வேண்டாம் என்று சொல்லி நானே நாற்காலிகளைப் போட்டேன். சேகருக்கும் சேர்த்துப் போட்டுவிடாமல் கவனமாக எண்ணிப் போட வேண்டியிருந்தது. ஏசியை அணைத்தேன், கதவைப் பாதி திறந்து வைத்தேன், வாட்சைக் கழற்றிப் பையில் போட்டேன். உட்கார்ந்தேன்.

முதலில் அவர்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் செயலாளர் எட்டிப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். பிறகு இரண்டு பெண்கள். அப்புறம் ஒவ்வொருவராக. மனோகரன் வந்தபோது பேச்சில்லாத அந்த ஹாலிலும் ஏதோ ஒன்று நின்றுபோனதுபோல் இருந்தது. அவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்தவர் கொஞ்சம் நகர்ந்துகொண்டார்.

என்ன கேள்வி கேட்பது என்று எனக்குள் தேடிக்கொண்டிருந்தேன். எதுவும் சரியாகப் படவில்லை. அப்போது கதவருகே வசந்தா வந்து நின்றார். எல்லோரும் எழுந்தோம். "உக்காருங்க, உக்காருங்க" என்றபடி வந்து காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். முழங்காலைக் கையால் அழுத்திக்கொண்டு கேட்டார்:

"மேல அவர் என்ன பேசினார்? நான் கீழ இருந்துட்டேன். எனக்கு ஒண்ணுமே தெரியல. யார் யார்கிட்ட என்ன பேசினாரோ, சின்ன விஷயமா இருந்தாலும் சொல்லுங்க."

நான் தேடிய கேள்வியை அவர் கொண்டுவந்துவிட்டார்.

செயலாளர்தான் ஆரம்பித்தார். நூற்றுக்கால் மண்டபத்துப் பக்கம் ஏறும்போது, சின்ன வயதில் அப்பா தோளில் உட்கார்ந்து இங்கே வந்ததாகச் சேகர் சொன்னாராம். அதை வசந்தா கேள்விப்பட்டதே இல்லை. இன்னொரு அம்மாள், தன்னிடம் தண்ணீர் தீர்ந்தபோது அவர் பாட்டிலைக் கொடுத்ததைச் சொன்னார். மேலே போனதும் கைப்பிடிச் சுவரோரம் நின்று எங்கேயோ ஒரு தண்ணீர் டாங்க்கைக் காட்டி, "அதோ நம்ம ஹோட்டல்" என்று அடித்துச் சொன்னாராம். அது உறையூர்ப் பக்கம் என்று எத்தனை பேர் சொல்லியும் கேட்கவில்லையாம்.

"அவருக்கு எந்த ஊர்லயும் திசை தெரியாது" என்றார் வசந்தா. அவர் முகம் கொஞ்சம் இளகியது. உடனே அவர் அழ ஆரம்பித்தார். வாசலில் நின்ற ஹோட்டல் பையன் ஒருவன் பேப்பர் நாப்கினை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தான். வர வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவர் அழுது முடித்துத் தன் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மனோகர் சார், நீங்க சொல்லுங்க" என்றார்.

மனோகரன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பாதி வழில நின்னாரும்மா. மூச்சு வாங்குச்சு. நான் கேலி பண்ணேன். 'என்னய்யா, பேங்க்ல நாற்காலியத் தேச்சே காலம் ஓட்டிட்டீரா'ன்னேன். சிரிச்சார். சிரிச்சுட்டு ஏறிட்டார். நான் அத சொல்லாம இருந்திருந்தா இறங்கியிருப்பார்."

செயலாளர் "விதி சார், நாம என்ன..." என்று ஆரம்பித்தார்.

வசந்தா கையை உயர்த்தினார். "இருங்க. அவர் சொல்லட்டும்."

"அவ்வளவுதாம்மா" என்றார் மனோகரன்.

எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது, அப்படியெல்லாம் இல்லை சார் என்று சொல்ல. எனக்கு என்ன தெரியும்? நான் மலையில் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு என் கால் விரல்களைப் பார்த்தேன். கீழே வீதியில் ஏதோ பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வசந்தாக்கா."

பத்மா. மூன்றாவது மாடியில் இருப்பவர், ஸ்கூல் டீச்சராக இருந்தவர். அதுவரை வாயே திறக்கவில்லை.

"மனோகர் சார் கேலி பண்றதுக்கு முன்னாடியே அவருக்கு ஒரு மாதிரி இருந்துச்சு அக்கா. முதல் திருப்பத்துல எல்லாரும் முன்னாடி போயிட்டாங்க. நான் பின்னாடி வந்தேன். அவர் சுவரோரம் உக்காந்து நாக்குக்கு அடில மாத்திரை வெச்சுக்கிட்டார். 'என்ன சார்'னேன். 'ஒண்ணுமில்ல, அப்பப்ப வரும், போயிடும்'னார். 'வசந்தாகிட்ட சொல்லிடாதீங்க, பயந்துடுவா'ன்னார். நான் சரின்னுட்டேன்."

பத்மாவின் குரல் உடைந்தது. ஆனால் நிறுத்தவில்லை.

"மத்தியானத்துலேர்ந்து எல்லாரும் மனோகர் சாரைப் பேசறாங்க. நானும் கேட்டுட்டே நின்னேன் அக்கா."

வசந்தா அவரையே பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தது. அது எல்லோருக்கும் தெரிந்தது.

"அந்த மாத்திரை அவர்கிட்ட இருக்குன்னே எனக்குத் தெரியாது. ஒரு போன் பண்ணியிருக்கலாமே பத்மா."

"பண்ணியிருக்கணும் அக்கா."

"நான் படியேறி வந்திருப்பேன். முட்டி உடைஞ்சாலும் வந்திருப்பேன்."

"தெரியும் அக்கா."

பத்மா வேறு சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அவர் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்து அடங்கிவிட்டார். இந்த இடத்தில் யாராவது எழுந்து போயிருந்தால் கதவு திறந்துதான் இருந்தது. யாரும் போகவில்லை.

வசந்தா தன் கையில் இருந்த செல்போனைப் பார்த்தபடி பேசினார். இந்த முறை யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"மேலேர்ந்து அவர் எனக்கு போன் பண்ணார். நான் எடுக்கல. பூக்காரம்மாகிட்ட மல்லி மொட்டா இருக்கான்னு பாத்துட்டிருந்தேன். இறங்கி வரத்தானே போறார்னு விட்டுட்டேன்." பிறகு நிமிர்ந்தார். "எதுக்குக் கூப்பிட்டார்னு யாருக்காவது தெரியுமா?"

"எனக்குத் தெரியும்" என்றார் மனோகரன்.

அத்தனை பேரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"பக்கத்துல நான்தான் நின்னேன். காவேரிய பாத்துட்டே இருந்தார். தண்ணி நிறைய போச்சு. 'வசந்தா இத பாக்கலையேய்யா, சொல்லியாவது குடுக்கறேன்'னு போனை எடுத்தார். நீங்க எடுக்கலைன்னதும், 'சரி, நேர்ல சொல்லிக்கறேன்'னு பைல போட்டுக்கிட்டார். அவ்வளவு சந்தோஷமா இருந்தாரும்மா. அது பொய் இல்ல."

வசந்தா கண்ணை மூடிக்கொண்டார். ஹாலில் பாதிப் பேர் அழுதார்கள். நானும்தான். ஜமீலா மேடம் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாரோ தெரியாது.

பிறகு வசந்தா சொன்னது எனக்கு இன்றும் வியப்பு. மன்னித்துவிட்டேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. "மனோகர் சார், கார்த்திக் வந்ததும் நீங்களே அவன்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுங்க. நீங்க கேலி பண்ணதும் சேத்து. வேற யாரோ லிஃப்ட்டுல சொல்லி என் புள்ளைக்குத் தெரியக் கூடாது" என்றார். எழுந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார். பத்மாவைத் தாண்டிப் போகும்போது நிற்கவில்லை.

மகன் வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. அம்மாவைப் பார்த்துவிட்டுக் கீழே வந்தவரை மனோகரன் வாசல் படியில் பிடித்தார். கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் நின்றிருந்தேன், பேச்சு கேட்கவில்லை. மனோகரன் நின்றுகொண்டே பேசினார். கார்த்திக் படியில் உட்கார்ந்து தலையைக் குனிந்தபடி கேட்டார். நடுவில் ஒரு தடவை சட்டென்று நிமிர்ந்து பார்த்தார், நான் பயந்துபோனேன். மனோகரன் பேச்சை நிறுத்தவில்லை. சொல்லி முடித்தார். பிறகு கார்த்திக் படியில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார். மனோகரன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

மிச்சப் பயணத்தை யாரும் கேட்கவில்லை. ஆம்புலன்ஸுக்குப் பின்னால் எங்கள் பஸ் சென்னைக்குப் போனது. மனோகரன் ரயிலில் போகவில்லை.

இரண்டு நாள் கழித்து ஜமீலா மேடம் மதுரையிலிருந்து வந்தார். எப்படி நடத்தினீர்கள் என்று கேட்கவில்லை. என்னையும் அருளையும் டிரைவரையும் கூப்பிட்டு, அலுவலகத்து மாடியில் நாலு நாற்காலி போட்டார். அருள் பேசவே இல்லை. கூட்டிக்கொண்டு ஏறியவர் அவர்தானே. மேடம் அவரை எதுவும் கேட்கவில்லை. நானும் டிரைவரும் பேசினோம். மறு வாரமும் அதேபோல் நாலு நாற்காலி. அப்போதும் அருள் பேசவில்லை. அதற்கடுத்த வாரம்தான் அவர் வாயிலிருந்து முதல் வார்த்தை வந்தது. பேசப் பிடிக்காதவரைப் பேச வைப்பதைப் பற்றி ஹேமா கேட்டபோது எனக்கு அருள்தான் நினைவுக்கு வந்தார். எங்களால் முடிந்தது நாற்காலி போடுவது மட்டும்தான்.

ஒரு வருஷம் கழித்து, மறுபடியும் ஆவணியில், வசந்தா போன் செய்தார். திருச்சிக்கு வருகிறேன், மலைக்கோட்டை ஏற வேண்டும், கூட வருவீர்களா என்றார். முட்டிக்கு ஆபரேஷன் ஆகிவிட்டதாம். டாக்டரிடம் கேட்டுக்கொண்டீர்களா என்றேன். கேட்டாயிற்று, மெதுவாக ஏறச் சொல்லியிருக்கிறார் என்றார்.

வந்தபோது கூடப் பத்மாவும் இறங்கினார். எனக்கு வாய் வரை வந்த கேள்வியை விழுங்கிக்கொண்டேன். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மாணிக்க விநாயகரைக் கும்பிட்டுவிட்டு ஏற ஆரம்பித்தார்கள். வசந்தா முன்னால், ஒரு படி பின்னால் பத்மா, அதற்கும் பின்னால் நான். முதல் திருப்பம் வந்ததும் பத்மா நின்று சுவரோரத்தைக் காட்டினார். வசந்தா அந்த இடத்தில் உட்கார்ந்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் எங்களைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

பத்மா குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார். "முட்டி வலிக்குதா அக்கா? மறைக்காதீங்க."

"வலிக்குது பத்மா" என்றார் வசந்தா. "கொஞ்சம் கையக் குடு. ஏறிடலாம்."